டீச்சரம்மாவுக்கு ஒரு பெட்டி

மரத்தில் வாழ வேண்டிய பிராணி மண்ணில் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தை வேட்டி முனையில் துடைத்தபடி மகளின் அறை வாசலுக்கு வந்த அடைக்கலம், அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பதை நிறுத்தினார். வெளியே மழை, விடவும் மனமில்லாமல் வலுக்கவும் தெம்பில்லாமல், காலையிலிருந்து ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. பீங்கான் பட்டறைகளின் பக்கமிருந்து ஈரக் களிமண் வாசனையும் சூளைப் புகையின் காந்தலும் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து, அறைக்குள் ஏற்கெனவே குடியிருந்த பழைய புத்தக வாசனையோடும் தேங்காய் எண்ணெய் வாசனையோடும் சேர்ந்து கனத்துக் கிடந்தன. மேசை மேல் இரண்டரை அடி உயரக் கண்ணாடிப் பெட்டி. அதன் தரையில், எட்டுக் கால்களையும் ஒடுக்கிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு உருவம். ஒவ்வொரு காலின் நுனியிலும் இளஞ்சிவப்பு.

உயரத்தில் ஏறி ஒட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த சிலந்தி அது. டரான்டுலா ஜாதியில் மரமேறி. அது கீழே இறங்கி, கதவோரம் வந்து, கதவுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த நூலளவு இடுக்கில் முகத்தை வைத்திருந்தது.

யாரோ கதவடியில் மூக்கை வைத்துக் காற்றுக்குக் காத்திருப்பதைப் போல.

அடைக்கலம் அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டார். வேண்டாத நினைப்புகளைத் தள்ளிவிடுவதில் அவருக்கு ஆகஸ்ட் மாதத்திலிருந்து நல்ல பயிற்சி.

அடைக்கலம் சாதாரண ஆளில்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். மின்கம்பத்து இன்சுலேட்டர் செய்யும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாகச் சூளை மேஸ்திரி, மாதா கோயில் பங்குப் பேரவைச் செயலாளர், கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால்கூட 'மேற்படி விஷயம்' என்று தொடங்கிப் பேசக்கூடியவர். விருத்தாசலத்தில் யார் வீட்டுக் கோப்பை விரிசல் விட்டாலும் எத்தனை டிகிரியில் தவறு நடந்தது என்று கேட்காமலே சொல்வார். கேட்டால் இன்னும் நீளமாகச் சொல்வார்.

ஆகஸ்ட் மாதம் பிஷப், ஆயர் ஆண்டகை வந்தார். வரவேற்புக் குழுவுக்கு வேறு யார் தலைவராக இருக்க முடியும்? வெள்ளிக்கிழமை மகள் ஆன் மேரி திருச்சிக் கல்லூரி விடுதியிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். விலங்கியல் முதுகலை, கடைசி வருஷம். சனிக்கிழமை, "அப்பா, மூச்சு வாங்குதுப்பா" என்றாள். வரவேற்பு வளைவுக்கு மூங்கில் எண்ணிக்கொண்டிருந்த அடைக்கலம் எண்ணிக்கை தவறாமல், "ஞாயித்துக்கிழம முடியட்டும்மா. திங்கக்கிழம காலையில நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்தார், மாலை விழுந்தது, வரவேற்புரை இருபது நிமிஷம். திங்கட்கிழமை காலையில், சொன்ன சொல் தவறாமல், கூட்டிப் போனார். ஆம்புலன்ஸில். நெஞ்செல்லாம் நீர் கட்டியிருக்கிறது, ரெண்டு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றார்கள். புதன்கிழமை விடியும் முன் எல்லாம் முடிந்தது.

விமலாராணி புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். அந்தப் பதிலை மூன்று மாதமாகக் குளிக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கேட்கவே இல்லை. பேசுவதையும் விட்டுவிட்டாள். சோறு வைப்பாள். போய்ப் படுத்துக்கொள்வாள்.

அக்டோபர் கடைசியில் மகளின் அறைத்தோழி மதிவதனி திருச்சி பஸ்ஸில் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்திறங்கினாள். கூடவே ஒரு நோட்டு.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. இது ஆன் மேரி வளத்தது. பேரு டீச்சரம்மா. கடிக்காது. எனக்கு வேலை கெடச்சி பெங்களூரு போறேன். எங்க வுடறதுன்னு தெரியல, அவ சாமான்ல இது ஒண்ணுதான் உசுரோட இருக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பல்லி விழுந்தால் தெருவே கூடும்படி கத்துகிற விமலாராணி, டப்பாவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிலந்தி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, நகப்பூச்சு போட்ட டீச்சர் வகுப்புக்குள் நுழைவதைப் போல, அவசரமில்லாமல் அவள் முகத்தை நோக்கி நடந்து வந்தது.

"என்னா சாப்புடும்?" என்றாள் விமலாராணி.

இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. இந்தப் பிராணி சாகக் கூடாது என்று அடைக்கலம் அந்த நிமிஷம் முடிவு செய்தார். இது சாகாதவரை இவள் எழுந்து நடப்பாள்.

டப்பா விரிசல் விட்டிருந்தது. புது வீடு வேண்டும். நோட்டில் ஆன் மேரி எல்லாம் எழுதி வைத்திருந்தாள். பொடி எழுத்து, வால் நீண்ட 'ழ'கரம். 'அதிகச் செலவு வேண்டாம். அரிசி கொட்டி வைக்கிற உயரமான பிளாஸ்டிக் டப்பா போதும். அகலத்தைவிட உயரம் முக்கியம். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் எதிரெதிர் பக்கத்தில் ஓட்டை போட வேண்டும், காற்று குறுக்கே ஓடணும். ஏறிக்கொள்ள ஒரு மரப்பட்டை. கீழே தென்னைநார்த் தூள், காய்ந்ததாக. ஈரம் அதிகமானால், காற்று கெட்டால், இது சத்தமில்லாமல் செத்துப்போகும்.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

படித்துவிட்டு அடைக்கலம் சிரித்தார். பீங்கான் ஊரில் பிறந்து, பீங்கானில் தின்று, பீங்கானால் பிழைத்தவன் வீட்டில் அரிசி டப்பாவா? எடுத்தார் ஸ்கேலை. போட்டார் வரைபடம். முன்தோற்றம், பக்கத்தோற்றம், ஓரத்தில் கையெழுத்து, தேதி. கடைவீதியில் மீன்தொட்டி விற்கும் கொளஞ்சியப்பனிடம் போனார்.

"செக்ரட்டரி அண்ணே, தொட்டிய நட்டுக்குத்தலா நிக்க வெக்கச் சொல்றீங்களே, மீனு எப்புடிண்ணே நிக்கும்?"

"மீனு இல்லப்பா. சிலந்தி."

"ஏண்ணே, அத ஒட்டடக் குச்சியால வெளியில தள்ளுவாங்க. நீங்க வூடு கட்டறீங்க."

"என் மக வளத்தது."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். பழைய தொட்டி ஒன்றை எடுத்து வந்து நிமிர்த்தி வைத்தான். வாய் முன்பக்கம் வந்தது. அதற்கு அக்ரிலிக் தகட்டில் கதவு. "காத்துக்குக் கீழயும் ஒரு வரிசை ஓட்டை போட்டுறட்டுமாண்ணே?"

"அனல் எங்கப்பா போவும்? மேலதான போவும்? இருவத்தெட்டு வருஷமா சூள பாக்கறவன் நான். மேல ஒரு வரிசை போதும்."

மரப்பட்டைக்குப் பதிலாக, பட்டறையில் கழித்துப் போட்ட பீங்கான் குழல் ஒன்றைக் கொண்டு வந்தார். மெருகேற்றாதது, ஒன்றரை அடி நீளம், ஒரு கை தாராளமாக உள்ளே போகும் அகலம். அதைப் பெட்டி நடுவில் செங்குத்தாக நட்டார். தென்னைநார்த் தூளுக்குத் திட்டக்குடி ரோட்டு நர்சரிக்குக் கிளம்பியவரை விமலாராணி தடுத்தாள்.

"மண்ணு நம்மகிட்டயே இருக்குது. எதுக்கு வாங்கணும்?"

அவள் பேசியதே பெரிது. மேலும், செலவு மிச்சம். கொல்லையில் ஓர் அரிசிப் பையில் கட்டி வைத்திருந்த மண்ணை அவளே கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டாள், அரிசி அளப்பதைப் போல, சிந்தாமல்.

அப்படி உருவான மாளிகையில்தான் இப்போது, பன்னிரண்டாம் நாள், டீச்சரம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

அடைக்கலம் குனிந்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று, பெட்டியைப் பற்றி அவர் கட்டிய கோட்டையை அசைத்தது. பூட்டிக் கிடந்த நிலவறையின் காற்று. பூஞ்சைக் காளான், ஈரம், அதற்கும் அடியில் வாடிய சாமந்தியின் புளித்த மணம். சாமந்தி எங்கிருந்து வந்தது? விரலால் மண்ணைக் கிளறினார். வெள்ளையாக, வழவழப்பாக, பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. நகத்தில் கீறிப் பார்த்தார். மெழுகு. இன்னும் கிளறினார். நீல மெழுகு, சிவப்பு மெழுகு, பாதி எரிந்த திரி.

"ராணி."

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். கையில் காபி டம்ளர், வாய்ப்பக்கம் அட்டையால் மூடியிருந்தது. உள்ளே கரப்பான் பூச்சி கீறிக்கொண்டிருந்தது.

"இது எங்க எடுத்த மண்ணு?"

"அவ மண்ணுதான்."

"எவ..."

"கல்லறைத் திருநாளுக்கு முன்ன, நீங்க டைல்ஸு ஒட்டச் சொன்னீங்க இல்ல? கொத்தனாரு மேட்ட வெட்டிச் சமப்படுத்துனாரு. வெட்டுன மண்ண பைபாஸ் ஓரம் கொட்டப் போறேன்னாரு. கொட்டறதா? அவ மேல கெடந்த மண்ணு. வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மிச்சமான குழம்பை எடுத்து வைத்ததைச் சொல்வது போல. ஊரிலேயே முதல்தரமான வெள்ளை டைல்ஸ், சூளையில் சுட்டுப் பதித்த மகளின் படம், அதன் கீழே தன் பெயரும் பதவியும் சேர்த்து அடைக்கலம் எழுதிய நான்கு வரி. அதைச் செய்து முடித்த பெருமையில், வெட்டிய மண் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை.

"நோட்டுல எதிரெதிரா ஓட்ட போடணும்னு எழுதியிருக்காளே" என்றாள் விமலாராணி. "அதுக்கு மூச்சு முட்டுது போல. கீழ எறங்கிடுச்சி பாருங்க."

"தெரியுது. டிரில்லிங் மிஷினு பட்டறையில இருக்குது. ஞாயித்துக்கிழம போட்டுடலாம்."

வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் இருவருக்கும் கேட்டது. மழைச் சத்தம் திடீரென்று அருகில் வந்தது போல இருந்தது. டம்ளருக்குள் கரப்பான் கீறுவது நின்றது. விமலாராணி அவரைப் பார்த்தாள். பூச்சியைக் குழலின் வாயில் விட்டுவிட்டு, சமையலறைக்குப் போனாள்.

மறுநாளே மிஷினைக் கொண்டுவந்திருக்கலாம். பட்டறை பத்து நிமிஷ சைக்கிள் தூரம். அடைக்கலம் கொண்டுவரவில்லை. நாளைக்கே முடியும் என்றால் ஆகஸ்டிலும் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது என்று நிரூபணமாக வேண்டியிருந்தது. யாருக்கு நிரூபணம் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. புதன், வியாழன், வெள்ளி. தினமும் மூன்று மணிக்கு வந்து பார்த்தார். அது கதவோரத்தை விட்டு நகரவில்லை. சனிக்கிழமை ஒரு காலை மட்டும் தூக்கி, மெல்ல, கதவில் வைத்து எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டிரில்லிங் மிஷினோடு வந்தார். கால்களெல்லாம் உள்பக்கம் மடங்கி, மூடிய கைப்பிடி போலக் கிடந்தது. காகிதத்தால் தள்ளினார். உருண்டது. எடையே இல்லை.

சமையலறையில் விமலாராணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம். அவள் ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பாட்டு.

அடைக்கலம் கைக்குட்டையை எடுத்தார். சுற்றினார். பையில் போட்டார். பிறகு மிஷின் வயரைப் பிளக்கில் செருகி, காலிப் பெட்டியின் கதவில், கீழ் வரிசையில், வரைபடத்தில் இல்லாத பதினாறு துளைகளை நேர்த்தியாகப் போட்டார். கண்ணீர் அக்ரிலிக் தூளோடு சேர்ந்து கன்னத்தில் ஒட்டியது. மிஷின் போட்ட சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"எங்க காணும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"குழலுக்குள்ள போயிடுச்சி. சட்ட உரிக்கப் போவுது. நோட்டுல எழுதியிருக்கா. மாசக்கணக்காவும். தொந்தரவு பண்ணக் கூடாது."

"அப்பாடி" என்றாள் விமலாராணி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் அவர் வயரைச் சுருட்டினார்.

திங்கட்கிழமை, சூளை வண்டித் தட்டில் இன்சுலேட்டர்களுக்கு நடுவே, கைக்குட்டையோடு அதை வைத்து உள்ளே தள்ளினார். ஆயிரத்து இருநூறு டிகிரி. புதன்கிழமை வண்டி வெளியே வந்தபோது அந்தத் தட்டில் ஒரு கறைகூட இல்லை. அதை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

வியாழக்கிழமை விமலாராணி சொன்னாள்: "ராத்திரி வுட்ட ரெண்டு கரப்பானயும் தின்னுட்டா."

பூச்சி தப்பி ஓடியிருக்கும் என்று நினைத்தார். பிற்பகல் போய்ப் பார்த்தார். குழலின் வாயோரம் இரண்டு கரப்பான் இறக்கைகள், ஒன்றன் மேல் ஒன்று, ஓரம் பிசகாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குழலுக்குள்ளிருந்து வெள்ளையாகப் பட்டுப் போன்ற வலை ஒன்று எழும்பி, வாயின் விளிம்பை மூடி, வழிந்திருந்தது. பழைய வலையாக இருக்கலாம். இருக்கலாம். அது ஈரமாக, பசையாக, புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, அவர் போட்ட பதினாறு துளைகளும் மேல் வரிசைத் துளைகளும் மண்ணால் அடைபட்டிருந்தன. உள்பக்கமிருந்து. ஒவ்வொன்றிலும் மண்ணை விரலால் அழுத்திய தடம், ரேகை தெரியும்படி.

"ஏன் ராணி அடச்ச?"

"நானா? நீங்கதான் அடச்சீங்கன்னு நெனச்சேன். குளிரடிக்குதுன்னு."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அதைவிட ஆறுதலான நினைப்பு வேறு இல்லை. இருபத்தைந்து வருஷம் அரிவாள்மணையில் காய் நறுக்கிய அவள் விரல்களில் ரேகையைவிடக் கீறல்தான் அதிகம் என்பது, பட்டறைக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது அவருக்கு நினைவு வந்தது. அந்தத் தடத்தில் கீறல் இல்லை. சின்ன விரல். இளம் விரல்.

அதன் பிறகு பிற்பகல்களில் அடைக்கலம் வீட்டுக்கு வர யோசித்தார். வந்தாலும் கூடத்திலேயே சாப்பிட்டார். ஆனால் காதை எங்கே வைப்பது? மின்விசிறி சுற்றும், மழை பெய்யும், எதிர்வீட்டில் தொடர்நாடகம் ஓடும், இத்தனைக்கும் அடியில் அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வரும். காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதுவதைப் போல, நீளமாக, அடிவயிற்றிலிருந்து, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. மெருகேற்றாத பீங்கான் குழலில் காற்று நுழைந்தால் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். காற்று நுழைய வழி இல்லை என்பதும் தெரியும். சோறு இறங்கவில்லை. ஒருநாள் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கத்தில், ரூபாய்க் காசளவு, ஆவி படிந்திருந்தது. மறைந்தது. படிந்தது. மறைந்தது.

அவர் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தார்.

கண்ணாடியில் அது நிற்கவில்லை.

அன்று மாலையே புதுச்சேரியில் மறைமாவட்டக் கூட்டம் இருக்கிறது என்று பையை எடுத்தார். கூட்டம் உண்மையிலேயே இருந்தது. செயலாளர்கள் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்வரிசையில் உட்கார்ந்து, 'குடும்பங்களில் ஜெப வாழ்வு' என்ற தலைப்பில் யாரோ பேசியதைக் குறிப்பெடுத்தார். பக்கம் முழுக்க ஒரே வரி எழுதியிருந்ததைப் பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தார். சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட வேண்டும்.

விருத்தாசலத்தில் இறங்கியபோது மாலை ஆறு. மழை. மின்சாரம் இல்லை. வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சமையலறையில் அவர் போன அன்றைக்கு வைத்த சோறு, தண்ணீர் ஊற்றாமல், நூல் விட்டுப் போயிருந்தது.

"ராணி?"

"மெதுவா பேசுங்க."

குரல் மகளின் அறையிலிருந்து வந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் அவளைக் கண்டார். மேசையை ஒட்டி நாற்காலி. பெட்டிக் கதவு திறந்திருந்தது. அவள் வலது கை குழலுக்குள் முழங்கைக்கு மேல் வரை இறங்கியிருந்தது. தலை பெட்டியின் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் கட்டிலோரம் உட்கார்ந்தே தூங்கிப்போனவளைப் போல.

அடைக்கலம் வாசலிலேயே மண்டியிட்டார். குளியலறையிலும் சைக்கிளிலும் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"ராணி, அது செத்துப் போச்சி. அன்னிக்கே. நான்தான்... ஓட்ட போடாம வுட்டுட்டேன். ஒங்கிட்ட சொல்ல பயந்துகிட்டு சூளையில போட்டுட்டேன். அதயும் நான்தான் கொன்னேன். ரெண்டயும் நான்தான்."

"தெரியும்" என்றாள்.

"எது?"

"அன்னிக்கே தெரியும். நீங்க மிஷினு வெச்சி ஓட்ட போட்டுட்டு மொகத்தத் தொடச்சிகிட்டு நின்னீங்களே, அப்பவே. ஒங்களுக்காகத்தான் அப்பாடின்னேன். நீங்க வேலைக்குப் போனதும் கொழலுக்குள்ள கைய வுட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. காலி."

"அப்பறம் எதுக்கு தெனமும் பூச்சி புடிச்சி..."

"கேட்டுச்சே."

மழைச் சத்தம். அதன் அடியில் அந்த இழுப்பு. இப்போது அது ஏறி இறங்குவதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. குழலின் வாயை மூடியிருந்த வலை, அவள் கையைச் சுற்றி, உப்பியது. தாழ்ந்தது. உப்பியது.

"வெளிய எடு. ராணி, கைய வெளிய எடும்மா."

"நீங்க போன அன்னிக்கிலேருந்து நான்தான் புடிச்சிகிட்டு இருக்கேன். எடுத்தா அழுவுது." அவள் கண் திறக்காமல் பேசினாள். "ஓட்டையெல்லாம் தெறந்து வுடறேன்னு சொன்னேன். காத்து வேணாமாம். இனிமே காத்து வேணாமாம்ங்க. கை மட்டும் போதுமாம். ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாளு உள்ள வுடல இல்ல, யாரயும்? கண்ணாடிக்கு வெளியதான நின்னோம்."

அவர் மண்டியிட்டபடியே மேசைப் பக்கம் நகர்ந்தார்.

"எனக்கு ஒடம்பு முடியல. கொஞ்ச நேரம் நீங்க புடிங்க."

அவள் கையை மெல்ல உருவினாள். முழங்கை வரை வெள்ளை. கையுறை போட்டதைப் போல வலை. விரல்கள் நீலம் பாரித்து, யாரோ இரண்டு நாள் இறுக்கிப் பிடித்திருந்த தடத்தோடு வெளியே வந்தன. நான்கு தடம் ஒருபக்கம். ஒன்று மறுபக்கம். குழலுக்குள் சத்தம் மாறியது. திணறியது. சிறுசாக, தொண்டைக்குள், தேட ஆரம்பித்தது.

"சீக்கிரம்" என்றாள்.

ஓடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள். பங்குச் சாமியாரை அழைக்கலாம். இது எத்தனை டிகிரியில் நடந்த தவறு என்று யாரையாவது கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை...

அடைக்கலம் நாற்காலியில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டார்.

பீங்கானின் சொரசொரப்பு. வலை. ஈரம். பிறகு அனல். காய்ச்சல் அடிக்கும் உடம்பின் அனல். விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவர் விரல்களுக்கு நடுவே நுழைந்து, பூட்டிக்கொண்டன. தேடல் நின்றது.

விமலாராணி மகளின் கட்டிலில் சுருண்டு படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள்.

அந்தப் பிடியில் வலு இல்லை. இழுத்தால் வந்துவிடும். மாறாக, அது இழுத்தது. மெல்ல. இன்னும் கொஞ்சம். முழங்கை போயிற்று. ஒன்றரை அடிக் குழல், அவரே அளந்தது, விரல் அடியில் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. புஜம் போயிற்று. தோள் குழலின் விளிம்பில் முட்டியது. முகம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பதிந்தது. சில்லிட்ட கண்ணாடி.

அதன் மறுபக்கம், அவர் கன்னத்துக்கு நேரே, ஆவி படிந்தது. மறைந்தது.

படிந்தது.

அவர் கையை இழுக்கவில்லை.